கார்டு வாங்கும் முன் கேபினட்டைத் திறந்து பாருங்கள்

புது கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகும் கேம் பழையபடியே திக்குகிறதா? எதையும் பிரிக்கும் முன் கணினியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மானிட்டர் கேபிள் மேலே, யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் செருகியிருந்தால், திரையில் தெரிவது ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வரைந்த படம். கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் துளைக்கு அதை மாற்றுங்கள். பாதிப் பேருக்கு வேலை அத்தோடு முடிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு கேபிளை மாற்றியவர்கள் நிறைய.

கார்டு தனியாக எதையும் செய்துவிடாது என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் இல்லை. மானிட்டர் எவ்வளவு கேட்கிறது, ப்ராசஸர் எவ்வளவு வேகத்தில் ஊட்டுகிறது, கார்டு உட்காரும் ஸ்லாட் எவ்வளவு அகலம், பவர் சப்ளைக்கு எவ்வளவு தெம்பு, கேபினட்டில் எத்தனை மில்லிமீட்டர் இடம். இவ்வளவுக்கும் விடை தெரிந்த பிறகுதான் மாடல் எண்ணுக்கு வர வேண்டும். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். முதலில் மாடலை முடிவு செய்துவிட்டு, யானையை வாங்கியபின் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறோம்.

மானிட்டர் கேட்பதும் ப்ராசஸர் கொடுப்பதும்

1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440 திரையில் 36.9 லட்சம். 3840×2160 என்றால் 82.9 லட்சம், அதாவது முதல் திரையைப்போல் சரியாக நான்கு மடங்கு. கார்டின் வேலை ஏறக்குறைய இதே விகிதத்தில் கூடுகிறது. ப்ராசஸரின் வேலை அப்படிக் கூடுவதில்லை. எந்தப் பாத்திரம் எங்கே நிற்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது எதன்மேல் மோதுகிறது என்று கணக்குப் போட்டு, வரைய வேண்டியவற்றைக் கார்டிடம் ஒப்படைப்பதோடு அதன் பொறுப்பு முடிகிறது. திரை சிறியதோ பெரியதோ, அந்தக் கணக்கு ஒன்றுதான்.

வினாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவினாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை நிரப்ப வேண்டுமென்றால் 6.9 மில்லிவினாடி. ப்ராசஸரும் கார்டும் ஆளுக்கொரு பக்கம் தங்கள் வேலையை அந்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். ஒருவர் 5-இல் முடித்து மற்றவர் 12 எடுத்துக்கொண்டால், கிடைப்பது 12-க்கு உரிய வேகம்தான். பழைய ப்ராசஸர் 12 மில்லிவினாடி எடுக்கும் இடத்தில் எவ்வளவு பெரிய கார்டைப் போட்டாலும் வினாடிக்கு 83 பிரேமைத் தாண்டாது.

உங்கள் கணினியில் தடை யார் என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. வழக்கமாக விளையாடும் கேமில், நெரிசலான ஓர் இடத்தில் நின்று பிரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசல்யூஷனை 1920×1080-இலிருந்து 1280×720-க்குக் குறைத்து, அதே இடத்தில் மறுபடி பாருங்கள். எண்ணிக்கை நன்றாக ஏறினால் கார்டுதான் திணறிக்கொண்டிருந்தது. புதுக் கார்டு பலன் தரும். ஏறவே இல்லையென்றால் தடை ப்ராசஸர். சோதனைக்கு முன் வி-சிங்க் (பிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் அமைப்பு), பிரேம் வரம்பு, அப்ஸ்கேலிங் (சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வி-சிங்க் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு முறையும் 60 என்றே காட்டி ஏமாற்றும்.

டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் 30 சதவீதம்தானே ஓடுகிறது, அது எப்படித் தடையாகும் என்று கேட்பார்கள். அது ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் கோர்கள் எல்லாவற்றின் சராசரி. பல கேம்களில் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோர்களின் தலையிலேயே விழுகிறது. எட்டுக் கோரில் இரண்டு முழுமூச்சாக ஓடி மற்றவை சும்மா இருந்தாலும் சராசரி 25 சதவீதம்தான் வரும். கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள்: அது 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டு தன் முழு பலத்தையும் கொடுக்கிறது; 60, 70 என்று ஊசலாடினால் யாரோ அதைக் காக்க வைக்கிறார்கள்.

அந்த யாரோ சில நேரம் ரேமாகவும் இருக்கும். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போட்ட கணினியில் ப்ராசஸருக்கு ஒரு பாதைதான் திறந்திருக்கும். அதே வகையில் இன்னொரு ஸ்டிக் போட்டால் இரண்டு பாதையும் திறக்கும். நான்கு ரேம் ஸ்லாட் உள்ள மதர்போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான ஜோடி. கார்டு வாங்கும் முன் இதைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். வாங்கும் எண்ணமே தள்ளிப்போகலாம்.

மெமரி: ஜிபி பாதி கதைதான்

கார்டின் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது ஜிபி. பொடி எழுத்தில்கூடச் சில சமயம் இல்லாதது பட்டை அகலம். மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள பாதையான பஸ் எத்தனை பிட் என்பதை மெமரியின் வேகத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால், வினாடிக்கு எத்தனை ஜிபி உள்ளே வெளியே போகும் என்று தெரிந்துவிடும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி மாடலுக்கு 192 பிட், 15 ஜிகாபிட்: 192×15÷8 = 360. அடுத்த தலைமுறை ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 128 பிட், 17 ஜிகாபிட்: 272. எண் ஒரு தலைமுறை முன்னே போயிருக்க, மெமரி வேகம் பின்னே வந்திருக்கிறது. அதை ஈடுகட்ட 4060-இன் சிப்பிலேயே 24 எம்பி கேஷ் (சிப் சட்டென்று எடுக்கும் மிக வேகமான சிறு மெமரி) வைத்தார்கள். 3060-இல் இருந்தது 3 எம்பி. அதனால் மொத்தத்தில் 4060 வேகமானதுதான். ஆனால் அதன் 8 ஜிபி நிரம்பும் இடங்களில் பழைய 3060-இன் 12 ஜிபி நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும்.

மெமரி நிரம்பினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டால் இந்த வித்தியாசம் புரியும். இடம் போதாத டெக்ஸ்சர்கள் (கேமில் பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்கள்) கணினியின் ரேமுக்குத் தள்ளப்படும். வேண்டும்போது அவை ஸ்லாட் வழியாகத் திரும்பி வர வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற அந்த ஸ்லாட்டின் மூன்றாம் தலைமுறையில், லேன் எனும் தரவுப் பாதைகள் 16-உம் இருந்தாலே வினாடிக்கு சுமார் 15.75 ஜிபிதான். 272 ஓடிக்கொண்டிருந்த இடத்தில் திடீரென 15. அந்த நொடியில்தான் படம் நின்று நின்று போகும். சராசரி பிரேம் எண்ணிக்கை அப்போதும் 70 என்று காட்டும். கைக்கு மட்டும் தெரியும். சில கேம்கள் திக்குவதற்குப் பதிலாகச் சொல்லாமல் கொள்ளாமல் டெக்ஸ்சரைக் குறைத்துவிடும்: சுவர்களும் முகங்களும் மெழுகு பூசியதுபோல் மங்கலாகத் தெரியும். டெக்ஸ்சர் அமைப்பை ஒரு படி குறைத்ததும் திக்கல் நின்றால், நோய் மெமரிதான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

பெயரை நம்பக் கூடாது என்பதற்கு இந்தத் துறையில் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. ஜிடிஎக்ஸ் 1060 என்று 2016-இல் வந்த இரண்டு கார்டுகளில் ஒன்றுக்கு 6 ஜிபி, மற்றதுக்கு 3 ஜிபி. மெமரி மட்டும்தான் வேறு என்று பெயர் சொல்லும். உள்ளே கோர்களும் 1280-க்குப் பதில் 1152. ஜிடி 1030 இன்னும் மோசம். ஜிடிடிஆர்5 வகை கிராபிக்ஸ் மெமரியோடு வந்த முதல் மாடல் வினாடிக்கு 48 ஜிபி. சாதாரண டிடிஆர்4 மெமரியோடு பின்னால் வந்தது 16.8 ஜிபி. பெயர் அதே பெயர். ஆர்டிஎக்ஸ் 3060-இலேயே 8 ஜிபி, 128 பிட் மாடல் ஒன்று பின்னால் வந்தது. ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டியது மூன்று: எத்தனை ஜிபி, என்ன வகை மெமரி, எத்தனை பிட்.

1080 திரைக்கு, இனிமேல் வாங்குவதென்றால், 8 ஜிபியை அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம்; டெக்ஸ்சரில் விட்டுக்கொடுக்காதவர்களும் 1440 திரை உள்ளவர்களும் 12 ஜிபிக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. வீட்டிலேயே மொழி மாடல்களை ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்குக் கணக்கே வேறு. மாடல் முழுதும் கார்டின் மெமரிக்குள் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் எவ்வளவு வேகமான சிப்பும் நடைபோடும். அங்கே மெதுவான 16 ஜிபி, வேகமான 8 ஜிபியை வென்றுவிடும்.

ஸ்லாட்: நீளமாக இருந்தால் போதாது

மதர்போர்டில் நீளமான ஸ்லாட் இருப்பதால் 16 லேனும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ப்ராசஸருக்கு மிக அருகில் உள்ள நீள ஸ்லாட்தான் பெரும்பாலும் முழு அகலம். அதேபோல் கார்டின் தங்கப் பற்கள் நீளமாக இருந்தாலும் எல்லாமே இணைக்கப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 மூன்றுக்கும் 8 லேன்தான். நான்காம் தலைமுறை போர்டில் இது பிரச்சினையில்லை. மூன்றாம் தலைமுறையின் 16 லேனுக்குச் சமமான வேகம் கிடைத்துவிடும். அதே கார்டைப் பழைய மூன்றாம் தலைமுறை போர்டில் போட்டால் அகலம் பாதியாகிறது. மெமரி நிரம்பாத வரை இழப்பு சில சதவீதம்தான், கவலைப்பட வேண்டாம். நிரம்பும்போதுதான் முன்னால் சொன்ன திக்கல் இரட்டிப்பாகும்.

உண்மையிலேயே அடிபடுவது 4 லேன் கார்டுகள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 இரண்டிலும் 4 லேன், 4 ஜிபி. மூன்றாம் தலைமுறை போர்டில் வினாடிக்கு 4 ஜிபிகூடக் கிடைக்காது. குறைந்த மெமரி, குறுகிய பாதை: ஒன்றின் பலவீனத்தை மற்றொன்று பெரிதாக்குகிறது. போதாததற்கு இந்த இரண்டிலும் வீடியோ பதிவு செய்வதற்கான என்கோடர் சிப்பில் இல்லவே இல்லை. கேமைப் பதிவு செய்தால் அந்தச் சுமையும் ப்ராசஸர் தலையில். பழைய கணினியை உயிர்ப்பிக்கத்தான் இப்படிப்பட்ட சின்னக் கார்டுகளைத் தேடுவார்கள். பழைய கணினியில்தான் இவை மிக மோசமாக ஓடும்.

இன்டெல் ஆர்க் கார்டுகளுக்குத் தனி நிபந்தனை உண்டு. வழக்கமாக ப்ராசஸர் கார்டின் மெமரியை 256 எம்பி அளவுள்ள ஒரு ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறது. ரீசைசபிள் பார் என்ற அமைப்பு, முழு மெமரியையும் ஒரேயடியாகத் திறந்துவிடுகிறது. என்விடியா, ஏஎம்டி கார்டுகளுக்கு இது இருந்தால் லாபம், இல்லாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. ஆர்க் கார்டுகளோ இது இல்லாமல் கடுமையாகத் தடுமாறும். இன்டெல் 10-ஆம் தலைமுறை, அல்லது ரைசன் 3000 வரிசை, அதற்குமேல் இருக்க வேண்டும் என்று இன்டெல்லே சொல்கிறது. அதற்கு முந்தைய கணினி என்றால் ஆர்க் பக்கம் போகாதீர்கள். 12 ஜிபியோடு 2024 கடைசியில் வந்த பி580 நல்ல கார்டுதான். ஆனால் வலுவில்லாத ப்ராசஸரோடு சேர்ந்தால் அது மற்ற கார்டுகளைவிடக் கூடுதலாகத் துவள்கிறது.

இந்த அமைப்பைப் போட பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய், பழைய பூட் முறைக்கான சிஎஸ்எம்-ஐ அணைத்து, 'அபவ் 4ஜி டீகோடிங்', 'ரீசைசபிள் பார்' இரண்டையும் இயக்க வேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது. விண்டோஸ், டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் நிறுவப்பட்டிருந்தால், சிஎஸ்எம் போனதும் கணினி பூட் ஆகாது. பயந்து புதிதாக நிறுவ வேண்டியதில்லை. சிஎஸ்எம்-ஐத் திரும்ப இயக்கி உள்ளே போய், முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்-டு-ஜிபிடி கருவியால் டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்றிவிட்டு, பிறகு அணைத்தால் சரி.

பவர் சப்ளை: ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஸ்லாட் வழியாக ஒரு கார்டு எடுக்கக்கூடிய மின்சக்தி அதிகபட்சம் 75 வாட். அதற்குமேல் வேண்டுமென்றால் தனி கேபிள்: 6 பின் இணைப்பு 75 வாட், 8 பின் 150 வாட், புதிய 16 பின் 600 வாட் வரை. கேபிளே வேண்டாம், ஸ்லாட்டே போதும் என்ற வகையில் ஜிடிஎக்ஸ் 1650-இன் சில மாடல்களும் 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடலும் இருக்கின்றன. நிறுவனம் கட்டிக் கொடுத்த அலுவலகக் கணினிகளில் பவர் சப்ளை 180 முதல் 300 வாட் வரைதான் இருக்கும், கூடுதல் கேபிளும் வராது, சிலவற்றில் இணைப்பியே அந்த நிறுவனத்தின் சொந்த வடிவம். அப்படிப்பட்ட பெட்டிக்கு அந்த 3050-ஐத்தான் நான் முதலில் சொல்வேன்.

மற்றவர்கள் பவர் சப்ளையின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். மேலே 500 என்று கொட்டை எழுத்தில் இருப்பதை விடுங்கள். கட்டத்துக்குள் +12வி என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கார்டும் ப்ராசஸரும் குடிப்பது அந்த வரிசையிலிருந்துதான். 38 ஆம்பியர் என்றால் 38×12 = 456 வாட்; 500 என்ற பெயருக்கு நியாயமான அளவு. 25 ஆம்பியர் என்றால் 300 வாட். மீதி 200 இன்று யாரும் அதிகம் தொடாத 5 வோல்ட், 3.3 வோல்ட் பக்கம் ஒதுக்கிய கணக்கு. 170 வாட் கார்டு, சுமை ஏறும்போது 110 வாட் எடுக்கும் ப்ராசஸர், போர்டு ரேம் ஃபேன் டிஸ்க் எல்லாமாக 50 என்று வையுங்கள். 330 ஆகிவிட்டது. 25 ஆம்பியர் பெட்டி இங்கேயே மூச்சு முட்டும்.

'80 பிளஸ்' முத்திரை நம்பகத்தைச் சொல்வதில்லை. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டும் சொல்கிறது.

சராசரி வாட்டை மட்டும் கூட்டிப் பார்த்தாலும் போதாது. கார்டின் சிப் மில்லிவினாடிக்கும் குறைந்த நேரத்தில் சுமையை ஏற்றி இறக்குகிறது. அந்தத் துடிப்பில் குறிப்பிட்ட வாட்டைவிட மிக அதிகமாக இழுத்துவிட்டு அடங்கும். பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று இதை ஷார்ட் என்று நினைத்து அணைத்துவிடும். கேமில் திடீரெனக் கணினி முழுதும் செத்துப்போய், மீண்டும் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்திருக்கிறதா? காரணம் பெரும்பாலும் இதுதான். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, பெரிய பவர் சப்ளைகள் தங்கள் அளவைப்போல் இரண்டு மடங்கு வரை 100 மைக்ரோவினாடி தாங்க வேண்டும் என்று எழுதியதும் இந்தத் துடிப்புக்காகத்தான்.

கேபிள் விஷயத்தில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, சாட்டா கேபிளிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டர். சாட்டா இணைப்பியில் 12 வோல்ட்டுக்கு மூன்று மெல்லிய பின்கள், ஒவ்வொன்றுக்கும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 6 பின் கார்டு 75 வாட் கேட்கலாம். பிளாஸ்டிக் உருகுவதற்கு இந்த இடைவெளி போதும். கேபிள் இல்லாத பவர் சப்ளை, இந்த அளவு கார்டுக்கானது இல்லை என்று தன்னால் முடிந்த விதத்தில் சொல்கிறது. அடாப்டர் போட்டு அதன் வாயை அடைக்க வேண்டாம். இரண்டாவது, கழற்றி மாட்டும் கேபிள்கள். கார்டு பக்கத்து முனை எல்லா நிறுவனத்திலும் ஒரே ஒழுங்கு. பவர் சப்ளை பக்கத்து முனைக்கு அப்படி ஒரு விதி கிடையாது. பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகினால் பொருந்திக்கூட உட்காரும், 12 வோல்ட் தரைக்குப் போய்க் கார்டையோ டிஸ்க்கையோ எரித்துவிடும். பவர் சப்ளையை மாற்றினால் கேபிள்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மூன்றாவது, 16 பின் இணைப்பி. பழைய 8 பின்னில் 150 வாட்டை மூன்று பின்கள் பகிர்கின்றன, பின்னுக்கு சுமார் 4.2 ஆம்பியர். புதியதில் 600 வாட்டுக்கு 50 ஆம்பியரை ஆறு பின்கள் சுமக்கின்றன, பின்னுக்கு 8.3. பின்னும் பொடிசு, சுமையும் இரட்டிப்பு. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இணைப்பி உருகிய சம்பவங்களில் அடிக்கடி கண்ட காரணம், முழுதாகச் செருகாதது. பிறகு இணைப்பியைத் திருத்தி, அரைகுறையாக உட்கார்ந்தால் மின்சாரமே வராதபடி நான்கு சிறு உணர்வு பின்களைக் குட்டையாக்கினார்கள். உங்களிடம் எந்த மாடல் இருந்தாலும், கொக்கி 'டக்'கென்று விழும்வரை அழுத்துங்கள், இணைப்பிக்கும் கார்டுக்கும் நடுவே கோடாகக்கூட இடைவெளி தெரியக்கூடாது. முதல் 35 மில்லிமீட்டருக்குள் கேபிளை மடக்க வேண்டாம்.

அளவு நாடா

பின்பக்கத் தகட்டின் உட்புறத்திலிருந்து முன்பக்கம் தடுக்கும் முதல் பொருள்வரை அளந்துகொள்ளுங்கள். முன்னால் ஃபேன் போடும் எண்ணம் இருந்தால் அதில் 25 மில்லிமீட்டரைக் கழியுங்கள். மூன்று ஃபேன் கார்டுகள் 300 மில்லிமீட்டரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். நீளம் சரியாக இருந்தும் பக்கவாட்டுக் கதவு மூடாமல் போவதுண்டு. பவர் கேபிள் மேலே எழும்பி வளைய இடம் வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். தடிமன் இன்னொன்று: மூன்று ஸ்லாட் கார்டு, கீழே இருக்கும் வைஃபை கார்டின் இடத்தை விழுங்கிவிடும். ஒல்லியான அலுவலகப் பெட்டிகளுக்குப் பாதி உயரக் கார்டுதான் போகும், பெட்டிக்குள் அந்தக் குட்டைத் தகடு சேர்த்துக் கொடுக்கிறார்களா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பழைய கார்டு வாங்குவதென்றால்

ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் கார்டு வைத்து வெட்டியெடுக்கும் (மைனிங்) முறையைக் கைவிட்டபோது ஏராளமான கார்டுகள் கைமாறின. அப்படி உழைத்த கார்டு எல்லாமே பாழ் என்பது மிகை. ஒரே வெப்பத்தில் ஓயாமல் ஓடுவதைவிட, ஏறி இறங்கும் வெப்பம்தான் சால்டருக்கு அதிகத் தொல்லை. தேய்வது ஃபேன் பேரிங்கும் மெமரிமேல் ஒட்டிய தெர்மல் பேடும். ஃபேனை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள்: கரகரப்பு, ஆட்டம் இருக்கக் கூடாது. திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஏன் என்று கேளுங்கள்.

போலியும் உண்டு. பழைய, வலுவற்ற கார்டின் பயாஸை மாற்றி எழுதி, அதற்கு ஜிடிஎக்ஸ் 1060 என்று பெயர் சூட்டி விற்பது வெகுநாள் நடந்த மோசடி. விண்டோஸ் அந்தப் பொய்யை அப்படியே நம்பும். ஜிபியு-இசட் என்ற இலவச நிரலைத் திறந்தால் சிப்பின் உண்மை அடையாளம் வெளியே வந்துவிடும். கண்ணுக்கும் தெரியும்: அந்தப் பெயருக்குரிய டிஸ்பிளேபோர்ட் துளைகள் இல்லாமல் பழைய விஜிஏ துளை இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் கனமான ஒரு சோதனையை 15 நிமிடமாவது ஓட்டச் சொல்லுங்கள். கோளாறுகள் கார்டு சூடேறிய பிறகுதான் முகம் காட்டும். இன்னொன்று, கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளான ட்ரைவரின் ஆயுள். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதுக் கேம்களுக்கான ட்ரைவர் வெளியீட்டை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் இன்னும் சில ஆண்டு வரும். பழைய கேம்களுக்கு இவை போதும். நாளை வரப்போகும் கேமுக்காக வாங்குவது குருவி தலையில் பனங்காய்.

மாற்றும் வேலை

கார்டைக் கழற்றும் முன் ப்ராசஸரின் பெயர் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல்லில் அந்த எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கார்டு வெளியே வந்ததும் திரை இருட்டுதான், இடையில் எதையும் சரிபார்க்க முடியாது. மதர்போர்டு பழையதென்றால், பழைய கார்டு இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

ஒரே நிறுவனத்தின் கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் ட்ரைவரை மேலெழுதினாலே போதும். நிறுவனம் மாறினால் பழைய ட்ரைவரைத் துடைத்துவிடுவது நல்லது. புது ட்ரைவரைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் டிஸ்பிளே ட்ரைவர் அன்இன்ஸ்டாலரை ஓட்டி, 'சுத்தம் செய்து அணை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தை ஏன் துண்டிப்பது? நீங்கள் துடைத்த கையோடு விண்டோஸ் தானாக ஒரு ட்ரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

சுவர் சுவிட்சை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே கைவையுங்கள். கார்டின் பவர் கேபிள், பின்பக்கத் திருகுகள், கடைசியில் ஸ்லாட்டின் முனையில் இருக்கும் கொக்கி, இந்த வரிசையில் விடுவியுங்கள். அந்தக் கொக்கியை மறந்து இழுத்தால் ஸ்லாட்டே பெயர்ந்து வரும். பெரிய கார்டு அதை மறைத்துக்கொண்டிருந்தால் ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரத்துண்டால் அழுத்துங்கள். ஸ்குரூடிரைவர் வழுக்கினால் போர்டின் மேல் கோடு விழும்.

புதியதை ஸ்லாட்டுக்கு நேர் மேலே பிடித்து, இரண்டு முனையிலும் சமமாக அழுத்துங்கள். கொக்கி விழும் சத்தம் கேட்ட பிறகும் தங்கப் பற்கள் ஒரு பக்கம் அதிகமாகத் தெரிகிறதா என்று கிடைமட்டமாகக் குனிந்து பாருங்கள். தகட்டின் கீழ்நாக்கு கேபினட்டுக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் இறங்காமல் மேலே உட்கார்ந்துகொண்டால், கார்டு சாய்ந்து நிற்கும். திருகுகளைப் போட்ட பிறகு அது இன்னும் சாயும். கனமான கார்டுக்கு முனையில் ஒரு முட்டுக்கொடுங்கள்.

எழுந்திருக்கவில்லை என்றால்

ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. முதலில் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்பது. அடுத்து கார்டின் பவர் கேபிள். 6+2 பின்னில் அந்த இரண்டு பின் துண்டு சற்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தால்கூடக் கார்டு எழாது. ப்ராசஸருக்கான 4+4 கேபிளும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். அதை அழுத்தி நுழைக்க வேண்டாம், பின்களின் வடிவம் வேறு, மின் ஒழுங்கும் நேர்மாறு. போர்டில் விஜிஏ என்ற சிறு விளக்கு எரிந்தால் கார்டைக் கழற்றி மறுபடி செருகுங்கள். அதற்கும் மசியாவிட்டால் போர்டில் நாணயம்போல் இருக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றிப் போட்டு பயாஸ் அமைப்புகளைத் துடையுங்கள்.

சாதாரண வேலையில் நன்றாக இருந்து, கேமில் மட்டும் திரை கறுத்து ஃபேன்கள் உச்சத்தில் கத்தினால் சந்தேகம் பவர் பக்கம். இரண்டு 8 பின் உள்ள கார்டுக்கு, ஒரே கேபிளிலிருந்து கிளைபிரியும் இரண்டு முனைகளைப் போட்டிருந்தால், இரண்டு தனி கேபிளாக மாற்றிப் பாருங்கள். வண்ணப் புள்ளிகள், கட்டங்கள், கோடுகள் திரையில் தெறித்தால் சந்தேகம் கார்டின் மெமரி பக்கம். பயாஸ் திரையிலேயே அவை தெரிந்தால் ட்ரைவரைக் குறைசொல்லிப் பயனில்லை, கார்டைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைப் பாருங்கள். விண்டோஸுக்குள் போன பிறகு மட்டும் வந்தால் ட்ரைவரை ஒருமுறை துடைத்துப் போட்டுப் பார்க்கலாம். டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்ற பிழை வந்தால் காரணம் கார்டு, ட்ரைவர் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அந்தக் கார்டை வேறொரு கணினியில் போட்டுப் பார்ப்பதுதான் குறுக்குவழி.

எல்லாம் சரியாக ஓடுகிறது, வெப்பமும் சத்தமும் மட்டும் அதிகம் என்றால், கார்டின் பவர் வரம்பை 100-இலிருந்து 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். என்விடியாவுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், ஏஎம்டிக்கு அதன் ட்ரைவருக்குள்ளேயே அந்த ஸ்லைடர் இருக்கிறது. சிப்பின் மின்செலவு வேகத்தோடும், வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுகிறது. கடைசிச் சில சதவீத வேகத்துக்காகத்தான் கார்டு பெரும்பங்கு வோல்ட்டேஜைக் கொட்டுகிறது. ஐந்தில் ஒரு பங்கு மின்சாரத்தைக் குறைத்தால் பிரேம் எண்ணிக்கை பெரும்பாலும் சில சதவீதம்தான் இறங்கும். ஃபேன் சத்தம் அதைவிட நன்றாகவே இறங்கும்.